விரட்டலும் ஒழித்தலும்: மூட்டைப்பூச்சிக்கு எதிரான வீட்டு மருந்துகளின் வரலாறு – மைசூர் ஹெப்பாளை முன்வைத்து

மைசூர் நகரின் வடமேற்கே, கிருஷ்ணராஜசாகரம் செல்லும் சாலைப் பக்கம் அமைந்திருப்பது ஹெப்பாள். ஏரியை ஒட்டிய சிற்றூராக இருந்த இவ்விடம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்பேட்டையாயிற்று. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மென்பொருள் நிறுவனங்களின் வளாகங்களும் இங்கே எழுந்தன. ஆலைத் தொழிலாளரும் பயிற்சிக்கு வந்த இளைஞரும் தங்குவதற்கு வாடகை அறைகளும் கட்டண விடுதிகளும் பெருகின. ஓர் அறையில் பலர் உறங்குவதும், ஒருவர் விட்டுச் சென்ற மெத்தையில் மற்றொருவர் படுப்பதும், பெட்டி படுக்கையோடு மாதந்தோறும் ஆட்கள் மாறுவதும் இத்தகைய குடியிருப்புகளின் இயல்பு. மூட்டைப்பூச்சி உலகெங்கும் விரும்பிக் குடியேறும் சூழலும் இதுவே.

இப்பூச்சியை ஒழிக்க மக்கள் கையாண்ட இயற்கைப் பொருள்கள் பல. வசம்பு, வேம்பு, நொச்சி, சீதா விதை, புகை, வெந்நீர், வெயில், சாம்பல் எனப் பட்டியல் நீளும். இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘முன்னோர் அறிவு’ எனப் போற்றுவர். இல்லையேல் ‘மூடப் பழக்கம்’ எனத் தள்ளுவர். இவ்விரு நிலைகளும் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன. இப்பொருள்களுள் சில பூச்சியை விரட்டுவன; சில கொல்லுவன. இரண்டும் ஒன்றல்ல. தனி வீட்டில் விரட்டல் ஓரளவு பயன் தரலாம்; ஒட்டிய சுவர்களை உடைய அறைகளில் விரட்டப்பட்ட பூச்சி அடுத்த அறைக்கே செல்லும். இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு வீட்டு மருந்துகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹெப்பாளைத் தேர்ந்தமைக்குக் காரணம் அங்குள்ள அறைகள் மட்டுமன்று. அதே சாலைப் பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில் இவ்வரலாற்றின் முதன்மையான பகுதி ஒன்று நிகழ்ந்துள்ளது.

பெயர்கள் தரும் செய்தி

‘ஹெப்பாள்’ என்னும் பெயர் கன்னட நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு. பெங்களூரின் ஹெப்பாளில் கிடைத்த எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அப்பகுதியைப் ‘பெர்பொளல் நாடு’ என்கிறது. பகரம் ஹகரமாகும் கன்னட ஒலிமாற்றத்தால் (பால் – ஹாலு, புலி – ஹுலி) ‘பெர்’ என்பது ‘ஹெ’ என்றாயிற்று. இவ்வாறு ஊர்ப்பெயரில் தமிழும் கன்னடமும் எளிதில் உறவு காட்டுகின்றன. ஆனால் பூச்சியின் பெயரில் அவ்வுறவு இல்லை. தமிழில் மூட்டை, மலையாளத்தில் மூட்ட, கன்னடத்தில் திகணெ, தெலுங்கில் நல்லி. வடமொழியின் மத்குணம் சிங்களத்தில் மகுணா என வழங்குகிறது. இந்தியில் ‘கட்மல்’ என்பதன் முதற்பகுதி கட்டிலைக் குறிக்கும். செருமானிய மொழிப் பெயரோ சுவரோடு தொடர்புடையது. தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘மூட்டுப்பூச்சி’ எனவும் கூறுவர். கட்டிலின் மூட்டுகளில் ஒளிவது என்னும் பொருள் மக்கள் மனத்தில் பதிந்திருப்பதை அவ்வடிவம் உணர்த்துகிறது. பூச்சியைவிட அது ஒளியும் இடமே மக்களுக்கு முதன்மையாகப் பட்டது எனலாம். ஒழிப்பு முறைகளை ஆராய்கையில் இக்கருத்து மீண்டும் பயன்படும்.

மனிதரை அண்டி வாழும் மூட்டைப்பூச்சி இனங்கள் இரண்டு. குளிர் நாடுகளில் பரவியது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். தென்னிந்தியா உள்ளிட்ட வெப்ப நாடுகளில் மிகுதியாகக் காணப்படுவது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்தே முழுவளர்ச்சி அடையும். ஒவ்வொரு படிநிலைக்கும் இரத்தம் தேவை. உணவின்றியும் வாரக்கணக்கில், குளிர்ச்சியான இடங்களில் மாதக்கணக்கில் உயிர்வாழும். ஆகவே அறையைப் பூட்டிவிட்டுச் சில நாள் ஊருக்குச் செல்வதால் இது ஒழிவதில்லை.

பாயும் கட்டிலும்

தமிழகத்தின் பெரும்பாலான எளிய குடும்பங்கள் நெடுங்காலம் உறங்கியது பாயில். கோரைப்பாயைக் காலையில் உதறிச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவர். வாரத்திற்கொரு முறை வெயிலில் விரிப்பர். நாள்தோறும் இடம்பெயரும் படுக்கையில் பூச்சி நிலையாகக் குடியிருக்க வாய்ப்புக் குறைவு. மரக்கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, பிரம்பு பின்னிய நாற்காலி, திரையரங்கின் மரப்பலகை இருக்கை, தொடர்வண்டியின் இருக்கை ஆகியவை பரவிய பின்னரே பூச்சிக்கு நிலையான பிளவுகள் கிடைத்தன. மூட்டைப்பூச்சியை வறுமையின் அடையாளமாகக் காணும் பொதுக்கருத்து இவ்விடத்தில் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது. கட்டிலும் மெத்தையும் வசதியின் அடையாளங்கள். பூச்சி அவற்றோடுதான் வந்தது. பின்னர் வசதியுடையோர் வீடு பெரிதாக்கி, அறை பிரித்து, பழைய தட்டுமுட்டுகளைக் கழித்தனர். கழித்தவை எளியோர் வீட்டிற்குச் சென்றன. பூச்சியும் உடன் சென்றது.

இலக்கியச் சான்றுகளும் செல்வர் படுக்கையையே காட்டுகின்றன. பஞ்சதந்திரத்தில் வரும் கதை பலரும் அறிந்தது. அரசனின் படுக்கையில் நெடுநாள் அமைதியாக வாழ்ந்த பேன் ஒன்று, விருந்தாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடங்கொடுத்தது. அரசன் உறங்குமுன்னரே பூச்சி கடித்தது, அரசன் அலறினான். பணியாளர் விளக்கேற்றித் தேடியபோது பூச்சி பிளவில் மறைந்துகொண்டது. அகப்பட்ட பேன் கொல்லப்பட்டது. குற்றவாளி தப்ப, அயலிருந்தது தண்டனை பெறும் இக்கதை பூச்சியின் நடத்தையை உள்ளவாறே கூறுகிறது. விளக்கொளி கண்டதும் பிளவை நோக்கி ஓடுதல், உறங்குவோர் அசையாதிருக்கும்போதே உண்ணுதல் ஆகியவை நேரிற்கண்டு எழுதப்பட்டவை. தெய்வங்கள் தாமரையையும் பனிமலையையும் பாற்கடலையும் படுக்கையாக நாடியது மற்குண அச்சத்தாலேயே என நகையாடும் வடமொழித் தனிச்செய்யுளும் உண்டு. அரசனுக்கும் தெய்வத்திற்கும் இப்பூச்சியை உரிமையாக்கிய அந்நகைச்சுவையில் இழிவுக் குறிப்பு ஏதுமில்லை என்பது நோக்கத்தக்கது.

கொல்லாமையும் மூட்டையும்

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் பகுக்கும்போது சிதலையும் எறும்பையும் மூவறிவு உயிர்களுள் வைக்கிறது. சமண நூல்களும் எறும்பு, பேன், மூட்டைப்பூச்சி ஆகியவற்றை மூன்று புலன் உடையனவாகவே கொள்கின்றன. சிரவணபெளகொளவைத் தன்னகத்தே கொண்ட மைசூர் நாட்டில் இக்கருத்து புதியதன்று. கொல்லாமையை அறமாகக் கொண்ட குடும்பம் இரவில் கடிக்கும் பூச்சியை என்ன செய்வது? கட்டிலைத் தட்டிப் பூச்சியை வெளியே விடுவது, மணமிகு இலைகளை வைத்து வராமல் தடுப்பது ஆகிய வழிகளே எஞ்சும். விரட்டும் மருந்துகள் நம் நாட்டில் மிகுந்து வழங்கியமைக்கு இவ்வற உணர்வும் ஒரு காரணமாகலாம்.

இதன் உச்சநிலையைச் சூரத்து நகரில் ஐரோப்பியர் கண்டதாக எழுதினர். 1689-இல் அங்கு வந்த ஓவிங்டன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், விலங்கு மருத்துவச்சாலைக்கு அருகே மூட்டைப்பூச்சிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் காக்கும் இடம் இருந்ததாகவும், அவற்றிற்கு உணவாக ஓரிரவு படுத்திருக்க ஏழை ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டதாகவும் குறித்துள்ளார். கீழைநாட்டு விந்தைகளைக் கேட்டெழுதும் பயணிகளின் ஆர்வத்தைக் கழித்துவிட்டே இத்தகைய குறிப்புகளை மதிப்பிடல் வேண்டும். எனினும், பூச்சிக்குக் காட்டப்பட்ட இரக்கத்தின் விலையைச் செலுத்தியவர் கூலிக்குப் படுத்த ஏழையே என்னும் செய்தி கருதத்தக்கது. விரட்டும் மருந்தின் நியாயமும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. ஒருவர் வீட்டிலிருந்து விரட்டப்பட்டது மற்றொருவர் வீட்டில் உணவு தேடும்.

விரட்டும் பொருள்கள்

வீட்டு மருந்துகளுள் முதலிடம் பெறத்தக்கது வசம்பு. ‘பிள்ளை வளர்ப்பான்’ எனவும் ‘பேர் சொல்லா மருந்து’ எனவும் தமிழர் வழங்கும் இக்கிழங்கைக் கன்னடர் ‘பஜெ’ என்பர். சுவடிக்கட்டுகளைப் பூச்சியரிக்காமல் காக்க வசம்பைப் பயன்படுத்திய மரபு சுவடி நூலகங்கள் அறிந்தது. வசம்புப் பொடியை மெத்தையின் மடிப்புகளிலும் கட்டில் பிளவுகளிலும் தூவுவது வீட்டு வழக்கு. மைசூர் வேளாண்மைத் துறையில் பூச்சியியலாளராக இருந்த டி. வி. சுப்பிரமணியம், காப்பித் தண்டுத் துளைப்பானைப் பற்றிய ஆய்வுக்காக அறியப்பட்டவர். 1940-களில் வசம்பை வீட்டுப் பயன்பாட்டிற்கேற்ற உள்நாட்டுப் பூச்சிக்கொல்லியாக எடுத்துரைத்தார். பாட்டி வைத்தியம் எனப்பட்டதை அறிவியல் இதழின் பக்கங்களுக்குக் கொண்டுசென்ற முயற்சி இது. வசம்பின் ஆற்றலுக்குக் காரணம் அதன் எண்ணெயிலுள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள். அப்பொருளின் நச்சுத்தன்மை கருதியே அமெரிக்காவில் 1968-இல் உணவுப் பொருள்களில் வசம்பு தடை செய்யப்பட்டது. இயற்கையில் விளைந்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

வேப்பிலையையும் நொச்சித்தழையையும் தலையணையின் கீழ் வைப்பதும், மாலையில் அவற்றைச் சாம்பிராணியோடு புகைப்பதும் தமிழ், கன்னட வீடுகளுக்குப் பொதுவானவை. புகையூட்டலுக்கு நீண்ட மரபு உண்டு. குழந்தை மருத்துவம் கூறும் காசியப சங்கிதையில் தூபத்திற்கெனத் தனி இயலே அமைந்துள்ளது. கொசுவிற்குப் புகை பயன்படுவதில் ஐயமில்லை. அது பறந்து வெளியேறும். சிறகற்ற மூட்டைப்பூச்சி வெளியேறுவதில்லை. பிளவினுள் மேலும் ஆழச் செல்கிறது. புகை அடங்கிய பின் மீள்கிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கடைகளில் விற்கும் புகைக்குப்பிகளும் இதே காரணத்தால் பயனற்றுப் போனதைக் காட்டியது. வேப்பம்புகைக்கும் வேதிப்புகைக்கும் தோல்வி பொதுவாகவே உள்ளது.

சீதாப்பழ விதையின் பொடி பேனையும் மூட்டைப்பூச்சியையும் கொல்லும் என்பர். அவ்விதையில் பூச்சியின் உயிர்ப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. அப்பொடி கண்ணில் பட்டால் விழிப்படலம் புண்ணாவதும் உண்மை. புகையிலைக் கஷாயமும் அவ்வாறே. அதிலுள்ள நிகோட்டின் மனிதருக்கும் நஞ்சு. தாவர எண்ணெய்களைப் பொறுத்தவரை, 2014-இல் அமெரிக்காவின் ரட்கர்சு பல்கலைக்கழகத்தார் செயற்கை நஞ்சு கலவாத 11 விற்பனைப் பொருள்களைச் சோதித்தனர். அவற்றுள் 90 விழுக்காட்டிற்கு மேல் பூச்சிகளைக் கொன்றவை இரண்டே. தாவர எண்ணெய் நேரே பட்ட பூச்சி சாகும். பிளவினுள் இருப்பதும் முட்டையும் பெரும்பாலும் தப்பும்.

மேலைநாட்டு வரலாறும் இதனின்று வேறுபட்டதன்று. 1730-இல் இலண்டனில் ஜான் சவுதால் மூட்டைப்பூச்சிக்கென ஒரு நூல் வெளியிட்டார். தம் ‘ஒப்பற்ற’ மருந்துநீரின் செய்முறையை ஜமைக்காவில் முதிய கறுப்பின மனிதர் ஒருவரிடம் கற்றதாக அவரே எழுதியுள்ளார். செய்முறையை மறைத்து மருந்தை விற்றார். கற்பித்தவரின் பெயர் நூலின் புகழில் இடம்பெறவில்லை.

சென்னையில் ஒரு தவறான குற்றச்சாட்டு

மூட்டைப்பூச்சி கடியால் நோய் பரவுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் எழுந்தது. 1903-இல் லீஷ்மன் இலண்டனிலிருந்தும் டோனவன் சென்னையிலிருந்தும் கருங்காய்ச்சலின் நோய்க்கிருமியை அறிவித்தனர். அதனைப் பரப்பும் பூச்சி எது? கல்கத்தாவின் ரோஜர்சு மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். சென்னை கிண்டியின் கிங் நிலையத்தில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பணி அலுவலர் பேட்டன், நோயாளிகளின் இரத்தத்தைப் பூச்சிகளுக்கு ஊட்டி 1907 முதல் ஆய்வுகளை வெளியிட்டார். பூச்சியின் குடலில் கிருமி வளர்ச்சி பெறுவதை அவர் கண்டார். ஆகவே குற்றம் உறுதியாயிற்று எனக் கருதினார். டோனவன் இதனை ஏற்கவில்லை. அவர் வேறொரு மூக்குறிஞ்சிப் பூச்சியைச் சுட்டினார். உண்மையில் இருவர் கருத்தும் தவறு. கருங்காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈயே என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942-இல் ஐயத்திற்கிடமின்றி நிறுவினர்.

கிருமி பூச்சியின் குடலில் வளர்வது வேறு. கடியின் வழியே அது மனிதரைச் சேர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே பேட்டனின் பிழை. பஞ்சதந்திரத்தில் பேன் பட்ட பழியை இங்கே மூட்டைப்பூச்சி பட்டது. எனினும் அவர் உழைப்பு வீணாகவில்லை. தென்னிந்திய மூட்டைப்பூச்சியின் உடலமைப்பும் வாழ்க்கைமுறையும் நுணுக்கமாகப் பதிவாயின. கிராகுடன் இணைந்து அவர் எழுதி 1913-இல் வெளிவந்த மருத்துவப் பூச்சியியல் நூல் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது.

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. இதனால் அதன் தீங்கு சிறிது எனக் கருதிவிடலாகாது. குன்னூரில் இருந்து 1958-இல் ஐதராபாத்திற்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தைச் சேர்ந்த வெங்கடாசலமும் பெலவாடியும் 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூட்டைப்பூச்சி மிகுந்த வீடுகளில் குழந்தைகள் இரவுதோறும் இழக்கும் இரத்தம், அவர்களது இரும்புச்சத்துக் குறைவிற்கு ஒரு காரணமாகலாம் என அதில் காட்டினர். முழு உணவு கிடைக்காத குழந்தையின் உடலிலிருந்து துளித்துளியாகக் கழியும் இரத்தம் என நோக்கும்போது, மூட்டைப்பூச்சி ஒழிப்பு வெறும் வீட்டுத் துப்புரவுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை.

டி.டி.டி. வந்ததும் தோற்றதும்

செயற்கை நஞ்சுகளுக்கு முன்னர் இறுதியாகச் செல்வாக்குப் பெற்ற தாவர நஞ்சு பைரெத்திரம். சாமந்தி இனத்துப் பூவிலிருந்து கிடைக்கும் இதனைக் கொண்டு ரசலும் நைப்பும் பட்டுக்கோட்டைப் பகுதியில் 1930-களின் இறுதியில் வீடுகளில் தெளித்து மலேரியாவைக் குறைத்தனர். போருக்குப் பின் அவ்விடத்தை டி.டி.டி. பற்றியது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1954-இல் இந்துஸ்தான் பூச்சிக்கொல்லி நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊர்தோறும் சுவர்களில் வெண்மையாக மருந்து படிந்தது. மக்கள் அதனை வரவேற்றமைக்கு மலேரியா மட்டும் காரணமன்று. கொசு குறைவதைக் கண்ணால் காண்பது அரிது. காலையில் கட்டிலடியில் செத்துக் கிடக்கும் மூட்டைப்பூச்சிகளையோ பெருக்கி அள்ளலாம்.

ஆனால் 1947-இலேயே ஹவாய்த் தீவின் படை முகாம்களில் டி.டி.டி.-க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. இந்தியாவிலும் சில ஆண்டுகளில் அந்நிலை வந்தது. மருந்து பூச்சியைக் கொல்லாமல் கிளறிவிடவே, தெளித்த வீடுகளில் கடி மிகுந்தது. ‘மருந்தடித்தால் மூட்டை பெருகுகிறது’ என மக்கள் கதவடைத்தனர். மலேரியா ஒழிப்புப் பணியாளர்களுக்கு இது பெருந்தடையாயிற்று. மக்களின் அறியாமை என இதனை எழுதியோர் உண்டு; உண்மையில் மக்கள் கண்டது சரியே. இக்காலத்தில் பைரெத்திராய்டு வகை மருந்துகளுக்கும் அதே கதி நேர்ந்துள்ளது. மருந்து வலுவிழந்தவிடத்து அளவை மிகுத்துத் தெளிப்பதும், தானியக் கிடங்கிற்குரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டினுள் வைப்பதும் மனித உயிர்களையே பறித்துள்ளன. ‘மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா’ என்னும் பழமொழி இங்கே உவமையாக நில்லாமல் நேர்ப்பொருளே பெற்றுவிடுகிறது.

மைசூர் மண்பொடி

ஹெப்பாளிலிருந்து நகருக்குள் வரும் வழியில் உள்ளது செலுவாம்பா மாளிகை. மைசூர் அரச குடும்பத்தாருக்கு உரியதாயிருந்த அம்மாளிகையில் 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். தானியத்தைப் பூச்சியிடமிருந்து காப்பது அந்நிறுவனத்தின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. மஜும்தார், நரசிம்மன், சுப்பிரமணியன் ஆகிய மூவரும் 1959-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். கிளர்வூட்டப்பட்ட கரியும் களிமண்ணும் பூச்சிகளைக் கொல்வதை அது அறிவித்தது.

இதன் இயக்கம் எளிமையானது. பூச்சியின் உடலைப் போர்த்திருப்பது மெல்லிய மெழுகுப் படலம். உடலின் நீர் ஆவியாகாமல் காப்பது அதுவே. மிக நுண்ணிய துகள் அப்படலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அல்லது உராய்ந்து கீறுகிறது. பூச்சி நீரிழந்து காய்ந்து சாகிறது. பிரித்தானிய அறிஞர் விக்கிள்சுவொர்த் 1940-களில் இம்மெழுகுப் படலத்தின் பங்கை விளக்கியிருந்தார். மைசூர் அறிஞர் தம் நாட்டு மண்ணில் அதற்குப் பயன் கண்டனர். நஞ்சு உடலினுள் சென்று வேலை செய்யாததால் டி.டி.டி.-யை வென்ற வகையான எதிர்ப்பைப் பூச்சி இதற்கெதிராக வளர்ப்பது கடினம்.

தமிழ்நாட்டுச் சமையலறைக்கு இது அயலானதன்று. துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தலும், விதைத் தானியத்தில் சாம்பல் கலத்தலும் தலைமுறைகளாக நடப்பவை. செம்மண் ஏன் வண்டைத் தடுக்கிறது என்னும் வினாவிற்கு 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை விடையின் பெரும்பகுதியைத் தருகிறது. வசம்பைப் புகழ்ந்து பாடிய மரபு சாம்பலையும் மண்ணையும் மருந்தெனவே கருதவில்லை. அவற்றிற்கு மணமில்லை, மந்திரமில்லை, பெயரில்லை. ஆயினும் கொல்லும் ஆற்றல் அவற்றிலேயே மிகுதி என்பது இவ்வரலாற்றின் வியப்பான கூறு.

மைசூர் ஆய்வு தானியப் பூச்சிகளை நோக்கியது. அதே நெறியில் பிற்காலத்தில் டயாட்டம் மண்ணும் சிலிக்காத் துகளும் மூட்டைப்பூச்சி மீது சோதிக்கப்பட்டன. டயாட்டம் மண் மெதுவாகவும் சிலிக்காத் துகள் விரைவாகவும் கொல்வதாக அவை காட்டின. ஒரு பூச்சியின் உடலில் ஒட்டிய துகள் மற்றொன்றிற்கும் தொற்றுவது கூடுதற்பயன். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் இத்துகள்களின் ஆற்றல் குறையும். கடற்கரைச் சென்னையைவிட மேட்டுநில மைசூரில் ஆண்டின் பல மாதங்கள் இவற்றிற்கு ஏற்றவை. நுண்துகளை மூச்சிழுத்தல் நுரையீரலுக்குத் தீங்கு ஆகையால், மெத்தை மேல் வாரியிறைக்காமல் பிளவுகளில் மட்டும் மெல்லியதாக இடுதல் வேண்டும். பூச்சி ஒளியும் மூட்டினை அறிந்து அங்கே மருந்திடுவது என்னும் பழைய அறிவே இங்கும் வழிகாட்டி.

வெயிலும் வெந்நீரும்

எஞ்சுவது வெப்பம். கட்டிலை முற்றத்திற்குக் கொணர்ந்து மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுவதும், மெத்தையை மொட்டைமாடியில் காயவைப்பதும் எல்லா வீடுகளிலும் நடந்தவை. கொதிநீர் பட்டவிடத்தில் பூச்சியும் முட்டையும் உடனே சாகும். இதில் மாற்றுக் கருத்தில்லை. வெயிலைப் பற்றியே ஐயம் எழுகிறது. குளிர்நாட்டு இனத்தைக் கொண்டு 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, 45 பாகை செல்சியசில் வளர்ந்த பூச்சிகள் ஒன்றரை மணி நேரத்தளவில் மடிந்தன. முட்டைகளை அழிக்க ஏறத்தாழ 7 மணி நேரம் தேவைப்பட்டது. 48 பாகையில் முட்டைகளுக்கு 70 நிமிடத்திற்குச் சற்றே மேல் போதுமானதாயிற்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரில் கோடையின் உச்ச வெப்பநிலை 35 பாகையை ஒட்டியே இருக்கும். வெயில் நேரே படும் மெத்தையின் மேற்பரப்பு இதைவிட மிகச் சூடாகும். பஞ்சின் உட்பகுதியும் அடிப்பக்கமும் அவ்வளவு சூடாவதில்லை. பூச்சி அடிப்பக்கம் நோக்கி நகர்ந்துவிடும். வேலூரின் கத்திரி வெயிலில் பலன் தந்த வழக்கம் மைசூரில் பாதியளவே பலன் தருவதற்குக் காரணம் இதுவே. துணியையும் போர்வையையும் கறுப்புப் பாலிதீன் உறையிலிட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்தால் உள்வெப்பம் கூடும். நடுவிலிருந்த முட்டையும் அழியும் வாய்ப்பு மிகும். கொதிநீரில் துவைத்தல் அதனினும் உறுதி.

கட்டில் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் வழக்கமும் உண்டு. எறும்பிற்கு அது நன்று. வெப்பநாட்டு மூட்டைப்பூச்சி வழவழப்பான பரப்பிலும் ஏறவல்லது என்பது 2017-இல் வெளியான ஆய்வால் தெரியவந்துள்ளது. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டிலுக்கோ கிண்ணத்தால் பயனே இல்லை.

வரலாறு தரும் இச்செய்திகளை ஹெப்பாளின் ஒரு வாடகை அறையில் பொருத்திப் பார்க்கலாம். நான்கு கட்டில்கள், மூவர் இரவுப்பணியாளர், சுவருக்கு அப்பால் அதேபோல் மற்றோர் அறை. ஒருவர் வேப்பெண்ணெய் பூசுகிறார். பூச்சிகள் பக்கத்துக் கட்டிலுக்கு நகர்கின்றன. பக்கத்துக் கட்டிலுக்குரியவர் தம்மிடம் பூச்சி இருப்பதைச் சொல்ல நாணுகிறார்; சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என அஞ்சுகிறார். வசம்பு வைத்தவரும் சாம்பிராணி புகைத்தவரும் தத்தம் இடத்தைக் காத்ததாக நினைக்க, பூச்சி அறையை விட்டு நீங்குவதே இல்லை. நால்வரும் ஒரே நாளில் கட்டில்களைக் கழற்றி, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி, போர்வைகளைக் கொதிநீரில் துவைத்து, சுவர்ப் பிளவுகளைச் சுண்ணாம்பு கலந்த காரையால் அடைத்து, அடுத்த அறையினரையும் அழைத்து அவ்வாறே செய்து, முட்டை பொரியும் காலம் கருதிப் பத்து நாளில் மீண்டும் ஒருமுறை செய்தால் செலவு மிகக் குறைவு. அதற்கு வேண்டியது, பூச்சி இருப்பதைக் கூச்சமின்றி முதலில் சொல்லும் ஒருவர்.